உள்ளூர் மொழி

ஆடிக்காத்துக்கு அந்தக் கதவு படார் படார்னு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. முன்னாள் படைவீரர் சங்கம்னு போர்டு மட்டும் பெருசு, உள்ள பாத்தா ஒரே ஒரு ரூமு, ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் சேரு, அதுலயும் ரெண்டு கால் ஆடுறது. பூமயிலு ஆடாத சேராப் பாத்து உக்காந்து, மடியில துணிப்பையை வச்சுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டு இருந்தா. செயலாளர் ஞானப்பிரகாசம் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாறேன்னு போயி அரை மணி நேரம் ஆகிப்போச்சு, கடையில கரண்டு இல்லையோ, இல்ல வழியில எவனையாச்சும் புடிச்சு வச்சு டிவிஷன் கதை அளக்குறாரோ, ரெண்டாவதாத்தான் இருக்கும், அந்த மனுசன் வாயைத் தொறந்தா வண்டி பிரேக் இல்லாமத்தான் போகும், பட்டாளத்துல இருவது வருசம் லாரி ஓட்டுனவருன்னு சொன்னா நம்ப முடியாது. போகும்போது சொல்லிட்டுப் போனாரு, "தங்கச்சி, பேப்பரு மேசையில இருக்கு, பேனா பக்கத்துலயே இருக்கு, நான் வாறதுக்குள்ள கையெழுத்தைப் போட்டு வச்சுரு. சாயங்காலம் கல்லு வெட்டுற ஆசாரி பேரு லிஸ்ட்டக் கேப்பான்." பேப்பரு காத்துல பறக்காம இருக்க மேல ஒரு பூட்டை வச்சிருந்தாரு. சாவி இல்லாத பூட்டு. அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பூமயிலுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், மூணு தடவை படிச்சுட்டா. எனது கணவர் எதிரிகளுடன் நடந்த சண்டையில் எதிரிகளால் சுடப்பட்டு வீரமரணம் அடைந்தார் என உறுதி கூறுகிறேன். ஒரு வரியில ரெண்டு எதிரி. ஒண்ணு பத்தாதுன்னு.

கதவு மறுபடி அடிச்சுச்சு. எதிர்த்த டீக்கடைக்காரன் இங்கிட்டுத் திரும்பிப் பாத்தான். அவன்கிட்டச் சொல்லலாம், தம்பி அந்தக் கதவைக் கொஞ்சம்னு ஆரம்பிச்சு மூடிட்டுப் போன்னு சொல்லலாம். மூடு. அவ வாயில எப்பவும் மூடுதான், அடைதான். ஊரு உலகமெல்லாம் கதவுக்கு ஒரு வார்த்தை சொல்லுதே, அந்த வார்த்தையை அவ கல்யாணம் ஆன நாள்லருந்து சொன்னதில்ல, ஏன்னா அதுல அவரு பேரு இருக்கு. சாத்தையா. நெனைப்புல சொல்லிக்கலாம், வாயால சொன்னா ஆயுசு கொறையும்னு மாமியா முதல் நாளே சொல்லிப்புட்டா. புருசன் பேரைச் சொல்லாத பொம்பளைக ஊருல நெறைய உண்டு, ஆனா பூமயிலு பாடு மத்தவளுக மாதிரி இல்ல. சாமிக்கு மாலை சாத்துறதுன்னு சொல்ல முடியாது, மாலை போடுறது. ரெண்டு சாத்து சாத்துனாத்தான் இவ அடங்குவான்னு மகளைத் திட்ட முடியாது, ரெண்டு போடு. மக வளர்மதிக்குக் காய்ச்சல் கண்டப்ப சாத்துக்குடி வாங்கப் போயி வண்டிக்காரன்கிட்ட அந்தப் பச்சை மஞ்சப் பழம், அந்தப் பழம்னு கை காட்டுனா, அவன் எலுமிச்சம்பழத்தை அள்ளிப் போட்டான், வேணாம்யா, இதைவிடப் பெருசு, புளிக்காதது, உரிச்சா சொளை சொளையா வருமேன்னா, அவன் கமலாப்பழத்தை எடுத்தான், கடைசியில பின்னால நின்ன பொம்பளை, "ஏப்பா, அதுக்குப் புருசன் பேருல சாத்து இருக்கும் போல, சாத்துக்குடியைக் குடுத்து அனுப்பு"ன்னு சொல்ல, வண்டிக்காரன் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல நிக்குது. அப்ப அவரு உசுரோட இருந்தாரு. லீவுல வந்தப்ப சொன்னதுக்கு அவரும் அப்படித்தான் சிரிச்சாரு, "நீ சொல்லாட்டி எனக்கு என்ன நூறு வயசா ஆகப்போகுது?"ன்னாரு. இருவத்தெட்டு. ஆயுசு கொறையும்னு வாயை மூடி வச்சதுக்கு இருவத்தெட்டு. சொல்லித் தொலைச்சிருக்கலாம், தெருவுல நின்னு கூவிக்கூவிச் சொல்லியிருக்கலாம்.

துணிப்பைக்குள்ள இன்னொரு பேப்பரு இருக்கு. அதான் இன்னிக்கு எல்லாத்துக்கும் காரணம். பஸ் ஸ்டாண்டு முக்குல கல்லு வைக்கிறோம், சண்டையில செத்தவுக பேரையெல்லாம் வெட்டப் போறோம், சுதந்திர தினத்துக்குத் தெறப்புன்னு ஞானப்பிரகாசம் வீடு வீடா வந்து சொன்னப்ப, "சர்வீஸ் ரெக்கார்டு ஒரு காப்பி இருந்தா நல்லாருக்கும்"னாரு. வளர்மதி டீச்சரு, அவளுக்கு எழுதிப் போடத் தெரியும், எழுதிப் போட்டா. நாலு மாசம் கழிச்சு ஒரு கவரு வந்துச்சு. இங்கிலீசுல இருந்ததை மக படிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்ல பூமயிலு வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா. உயரம் அஞ்சடி ஆறங்குலம். ஆமா. அடையாளம், இடது முழங்கால்ல தழும்பு. ஆமா, அதுக்கு அவரு மூணு கதை சொல்லுவாரு, கருவேலமரம் வெட்டையில அருவா பட்டுச்சுன்னு ஒண்ணு, மஞ்சுவிரட்டுல மாடு குத்துச்சுன்னு ஒண்ணு, கூடப்படிச்சவன் தள்ளிவிட்டான்னு ஒண்ணு, ஆளப் பாத்து ஆளுக்கு ஒரு கதை. தாய்மொழி, தமிழ். நடத்தை, மிக நன்று. கல்யாணம் ஆனவர், ஒரு பெண் குழந்தை. அந்த எடத்துல வளர்மதி, நான்தாம்மா அதுன்னா. அப்புறம் படிச்சுக்கிட்டே போனவ திடீர்னு பேச்சை நிறுத்திட்டா. வெங்காயத்தைக் கீழ வச்சுட்டு, சொல்லுடின்னு அதட்டுனப்பதான் சொன்னா. விபத்து. சொந்தப் படையினரின் துப்பாக்கிச் சூடு. காவலாள் யார் என்று கேட்டதற்கு அடையாளச் சொல் கூறாமல் உள்ளூர் மொழியில் பதில் கூறினார்.

உள்ளூர் மொழி. பூமயிலு அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் புடிச்சுக்கிட்டா, பல்லுல சிக்குன கறித்துண்டு மாதிரி நாக்கு அதையே போயிப் போயித் தொடுது. முதப் பக்கத்துல தாய்மொழின்னு எழுதுனவன் வேற, கடைசிப் பக்கத்துல உள்ளூர் மொழின்னு எழுதுனவன் வேறயா இருக்கும். எந்த உள்ளூரு? அக்கரை. கடலைத் தாண்டுன ஊரு. யாழ்ப்பாணத்துப் பக்கம், சமாதானம் பண்ணப் போறோம்னு கூட்டிக்கிட்டுப் போன ஊரு. போனவன்ல அங்கத்து ஆளுககூடப் பேசத் தெரிஞ்சவன் நாலு பேரோ அஞ்சு பேரோ, அதனால அவரை அவரோட கம்பெனியிலருந்து பிரிச்சு வேற கம்பெனிக்கு எரவல் குடுத்துட்டாக, உலக்கையை எரவல் குடுக்குற மாதிரி. முன்னால நடந்து போயி ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தட்டி, அம்மா பயப்படாதீக, கதவைத் தெறங்க, வீட்டுல யாரு யாரு இருக்கீகன்னு கேக்குற வேலை. கடைசியா வந்த லெட்டர்ல எழுதியிருந்தாரு, இங்க பேசுறதைக் கதைக்கிறதுன்னு சொல்றாக, நானும் நாள் பூரா கதைச்சுக்கிட்டுத் திரியுறேன், இந்தி மறந்துரும் போலருக்கு, ஒரு கிழவி என்னைத் தம்பி நீர் எந்த ஊர்னு கேட்டு உள்ள கூப்புட்டு வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் குடுத்துச்சு, பால் ஊத்தாத டீயும் நம்ம கருப்பட்டியும்தான், கடிச்சுக்கிட்டே குடிக்கணுமாம், ஆத்தா ஞாபகம் வந்துருச்சுன்னு. கறுப்புத் தகரப் பெட்டி வந்தப்ப துணிமணிக்கு அடியில சின்ன ஓலைக்கொட்டான் ஒண்ணு இருந்துச்சு, உள்ள பனங்கட்டி. மகளுக்குன்னு வாங்கி வச்சிருப்பாரு. பூரா எறும்பு. அக்கரை எறும்பு, பெட்டிக்குள்ளயே கடல் தாண்டி வந்துருச்சு, அவரு வரல, சாம்பலாத்தான் வந்தாரு.

கவரோட முந்தாநாளு இங்க வந்தப்ப ஞானப்பிரகாசம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு மொத்தத்தையும் படிச்சாரு. படிச்சுட்டு மீசையைத் தடவுனாரு, மை போட்ட மீசை, வேர்வைக்கு மேலுதட்டுல கறுப்பா எறங்கியிருந்துச்சு. பேப்பர்ல இருந்தது இதுதான், ஐப்பசி மழை, பொழுது மசங்குற நேரம், பூமயிலு புருசன் தனியாத் திரும்பி வந்திருக்காரு, காவலுக்கு நின்னவன் புதுசா வந்த வடக்கத்திப் பய, யாருன்னு இந்தியில, கோன் ஹைன்னு கேட்டிருக்கான். அதுக்கு இவரு சொன்னது அந்தப் பேப்பர்ல இல்ல, உள்ளூர் மொழின்னு மட்டுந்தான் இருக்கு. ஆனா என்ன சொல்லியிருப்பாருன்னு இந்த நாட்டுல பொறந்த எந்தக் கழுதைக்கும் தெரியும். யாருன்னு கேட்டா நாம என்னத்தைச் சொல்லுவோம்? பேரையா சொல்லுவோம்? நான்தான். லீவுல வந்து கதவைத் தட்டுவாரு, யாருன்னு கேப்பா, நான்தான்னுவாரு. அது போதும், மோட்டுவளையில இருக்குற பல்லிக்குக்கூடத் தெரியும் யாருன்னு. ஞானப்பிரகாசம் மேசையில தட்டுனாரு, "என்ன இருந்தாலும் பட்டாளத்தான் தங்கச்சி, எட்டு வருசம் சர்வீசு. பாஸ்வேர்டு கேட்டா பாஸ்வேர்டு சொல்லணும். வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி நான்தான்னு சொன்னா சுடத்தான் செய்வான். அதுவும் அந்த ஊர்ல, அந்த பாஷையில." அப்புறம் கொரலை எறக்கி, "இந்தப் பேப்பரை யாருக்கும் காட்டாத. விபத்துன்னா கல்லுல எடமில்ல, விதி அப்படி. எதிரி சுட்டதுன்னு நீ உறுதி எழுதிக் குடு, நான் ஏத்திக்கிறேன். முப்பத்தேழு வருசமா அப்படித்தானே இருந்துச்சு, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே"ன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. கெட்ட மனுசன் இல்ல. அதான் எரிச்சலே.

மேசை மேல அவரு எழுதுன புத்தகம் அடுக்கியிருந்துச்சு, விழாவுக்குக் குடுக்கப் போறது, நம் டிவிஷனின் வீர வரலாறு. நாப்பது பக்கம். போன வாரமே அவளை உக்காரவச்சுப் படிச்சுக் காட்டுனாரு, வெள்ளைக்காரன் காலத்துல மணல்காட்டுல தண்ணியில்லாமக் கெடந்தது, மேக்க டாங்கியை மறிச்சது, கெழக்க ஆத்தைத் தாண்டுனது, படிக்கப் படிக்க சேரை விட்டு எந்திரிச்சே நின்னுக்கிட்டாரு, இத்தனைக்கும் அதுல ஒண்ணுலயும் அவரு இல்ல. குண்டு பட்டும் சுமையைக் கீழ போடாத கோவேறு கழுதை ஒண்ணுக்கு அரைப்பக்கம், அதுக்குப் பேரு கூடப் போட்டிருந்துச்சு, ராணியாம். அக்கரைக்குப் போனது எங்கண்ணேன்னு பூமயிலு கேட்டா. பொரட்டிப் பொரட்டித் தேடிக் காட்டுனாரு. பின்னர் அண்டைத் தீவில் அமைதிப் பணி ஆற்றித் திரும்பியது. ஒண்ணரை வரி. திரும்பியது. கழுதைக்கு அரைப்பக்கம், இதுக்கு ஒண்ணரை வரி, அதுலயும் திரும்பியதாம். அவ, நல்லா எழுதியிருக்கீகண்ணேன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டா. அன்னிக்கு அந்தக் கவரு இன்னும் வரல, அவளுக்கு அதுகூடப் பெருசாத் தெரியல. எதிரி சுட்டான், இவரு செத்தாரு, அதுல ஒரு கணக்கு நேரா இருந்துச்சு, கோவத்தை வைக்க ஒரு எடம் இருந்துச்சு.

கோவத்தை அவ எங்க கொண்டுபோயி வச்சான்னுதான் இப்ப நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறா, நெனைக்காம இருக்க முடியல. கதவு வேற அடிச்சு அடிச்சு அதையே ஞாபகப்படுத்துது. அவரு போயி மூணாம் வருசம் ஊருக்கு மேக்க அகதி முகாம் போட்டாக. அங்கருந்து புஸ்பராணின்னு ஒருத்தி தண்ணிக்கு வருவா, பூமயிலு வீட்டுக் கெணத்துத் தண்ணி இனிப்பு. ஒல்லியா, கழுத்துல ஒண்ணுமில்லாம, இடுப்புல பிளாஸ்டிக் கொடம். கதவைத் தட்டுவா, யாருன்னு கேட்டா, நான்தான் அக்காம்பா. ரெண்டு மாசம் வந்தா. வந்தா சும்மா போக மாட்டா, வாசலைக் கூட்டிவிட்டுட்டுப் போவா, வளர்மதிக்குப் பேன் பாத்துவிடுவா, உங்கட பிள்ளைக்கு நல்ல அடர்த்தியான முடியக்கான்னுவா. அவ பேசுற பேச்சைக் கேக்க பூமயிலுக்கு ஆசையாவும் இருக்கும், வயித்தெரிச்சலாவும் இருக்கும், கதைக்கிறதுன்னு அவ சொல்றப்பெல்லாம் அந்த லெட்டரு கண்ணுல வந்து நிக்கும். அவரு திதி அன்னிக்கு, படத்துக்கு முன்னால எலை போட்டுட்டு உக்காந்திருந்தப்ப கதவு தட்டுற சத்தம். யாரு? நான்தான் அக்கா. போயித் தெறந்துவிட்டா, அவ தண்ணி மொண்டுக்கிட்டுத் திரும்புறப்ப என்ன வந்துச்சோ தெரியல, இடுப்புல நெறஞ்சு இருந்த கொடத்தைப் புடுங்கி வாசல்லயே கவுத்துனா, "எம்புருசனைக் கொன்ன கூட்டத்துக்கு என் கெணத்துத் தண்ணியாடி?"ன்னு கேட்டா. தெருவே எட்டிப் பாத்துச்சு. புஸ்பராணி அழுகல. கொடத்தைக் குனிஞ்சு எடுத்தா. எடுத்துட்டு மெதுவாக் கேட்டா, "அக்கா, உங்கட அவரை ஆர் சுட்டதெண்டு நீங்கள் கண்டனீங்களோ?" அந்தத் திமிரு பாருன்னு பூமயிலு கதவைப் படார்னு மூடுனா. அதுக்கப்புறம் அவ வரல. எந்த ஊரு முகாமுக்கு மாத்துனாகளோ, திரும்பிப் போனாளோ, போயி இருக்காளோ இல்லையோ. அவ புருசன் எப்படிச் செத்தான்னு பூமயிலு ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கல. ரெண்டு மாசம் தெனமும் ஒரு கொடம் தண்ணி குடுத்தவ, ஒரு வார்த்தை கேக்கல.

ஆரு சுட்டதுன்னு கண்டனீங்களோ. இப்பக் கண்டாச்சு, பேப்பர்ல கண்டாச்சு, முத்திரை குத்தி வந்துருச்சு. அந்த மூஞ்சி தெரியாத வடக்கத்திப் பயலையும் திட்ட முடியல, அவன் பத்தொம்பது வயசுல மழையில நடுங்கிக்கிட்டு நின்னிருப்பான், புரியாத பாஷை கேட்டாச் சுடுன்னு எவனோ சொல்லியிருப்பான், அவனுக்கு எப்படித் தெரியும் அந்த பாஷையில நான்தான்னா நம்மாளுதான்னு அர்த்தம்னு. அவனும் இப்பக் கெழவனா எங்கயோ கயித்துக்கட்டில்ல உக்காந்துக்கிட்டுக் கதவு தட்டுற சத்தத்துக்குத் திடுக்கிடுவானோ என்னமோ. திடுக்கிடட்டும். யாரைத் திட்டுறது? அனுப்புனவனை, எழுதுனவனை, ஒண்ணரை வரியில திருப்பிக் கொண்டாந்தவனை, சுத்திச் சுத்தி வந்தா கடைசியில தன் வாசல்ல கவுந்த கொடத்துலதான் வந்து நிக்குது. இந்தக் கையெழுத்தைப் போட்டா மறுபடியும் அந்தக் கொடத்தைக் கவுக்குறது. இந்தத் தடவ கல்லுல வெட்டி வச்சுக் கவுக்குறது. போடாட்டி? பஸ் ஸ்டாண்டு முக்குல பதினேழு பேரு இருப்பாக, அவரு இருக்க மாட்டாரு. வளர்மதி பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாத்தான் போகணும், தெனமும் அண்ணாந்து பாத்துட்டுப் போவா. ஊருக்காரன் கேப்பான், ஏன் பூமயிலு, உம் புருசன் பேரைக் காணோம், சண்டையிலதான் செத்தாரா, இல்ல வேற எதுலயும் செத்தாரான்னு. கேப்பான், கேக்காம இருக்க மாட்டான், நம்மூரு வாயி அப்படி. ஒரு கல்லு. சாம்பலைக் கரைச்சதோட சரி, போயி நிக்க ஒரு எடமில்ல அவளுக்கு. கல்லுன்னா ஒரு பூ வைக்கலாம், கையால தடவிப் பாக்கலாம் அந்த எழுத்தை, வாயால சொல்லாத பேரை வெரலாலயாச்சும்.

பேனாவை எடுத்தா. பூட்டை நகட்டுனா. அந்நேரம் பாத்து ஒரு காத்து, கதவு போயி சுவத்துல மோதி, பேப்பரு எந்திரிச்சுப் பறந்து கழுதைக் கதைப் புத்தகத்து மேல போயி ஒக்காந்துச்சு. சை, ஒரு நிமிசம் நிம்மதியா நெனைக்க விடுதான்னு எந்திரிச்சுப் போயி, முழங்காலு கடக்குன்னு ஒரு சத்தம் போட, கதவை இழுத்து மூடி உள்தாப்பாளும் போட்டா. திடுதிப்புனு ஒரே அமைதி. ரூமு இருண்டு போச்சு. அவளோட மூச்சு அவளுக்கே கேட்டுச்சு. அப்பதான் டொக் டொக்னு தட்டுற சத்தம்.

"யாரு?"

"நான்தான்."

தாப்பாள்ல கை வச்சவ வச்சபடி நின்னுட்டா. ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் கொரலு, நான்தான், பேரு இல்லாம, ஊரு இல்லாம, எட்டு வருசம் இல்ல, இருவது வருசம் பட்டாளத்துல இருந்த கொரலு.

"நான்தான்னா?"

"அட, நான்தான் தங்கச்சி! மண்ணை வாரி அடிக்குது, கண்ணைத் தெறக்க முடியல, தெற."

"பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணே."

காத்து மட்டும் பலகையைத் தள்ளிப் பாத்துச்சு. அவரு சிரிப்பாருன்னு நெனைச்சா, சிரிக்கல. அவ தாப்பாளை நீக்குனா. ஞானப்பிரகாசம் ஜெராக்ஸ் பேப்பரை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு, தலையெல்லாம் புழுதியா நின்னாரு. அவளை நேராப் பாக்காம உள்ள வந்து பேப்பரைத் தேடி எடுத்தாரு.

"போடலையா?"

"எதிரிங்கிற ரெண்டு எடத்தையும் அடிச்சுக் குடுங்க, போடுறேன்."

"அதை அடிச்சா அவனைக் கல்லுல ஏத்த முடியாது தங்கச்சி. நான் என்ன செய்ய? கமிட்டி இருக்கு."

"தெரியும்ணே. அப்ப விட்டுருங்க."

"ஒரு எழுத்துக்காகப் பாக்காத. போனவன் பேரு ஊர்ல நிக்க வேணாமா?"

அவ துணிப்பையைத் தூக்கித் தோள்ல மாட்டுனா, உள்ள அந்த இங்கிலீசுப் பேப்பரு மொடமொடன்னுச்சு. வாசப்படியில எறங்கி, செருப்பை மாட்டிக்கிட்டு, திரும்பிப் பாக்காமலே சொன்னா.

"வாறேண்ணே. காத்தடிக்குது, கதவைச் சாத்திக்கங்க."

நாலு எட்டு நடந்த பெறகுதான் வாயிலருந்து என்ன வந்துச்சுன்னு அவளுக்கு ஒறைச்சுச்சு. நாப்பது வருசம் நாக்குக்கு அடியில கெடந்தது, இப்படி ரோட்டோரமா, ஒரு கதவுக்காக வெளிய விழுந்துருச்சு. பின்னால அந்தக் கதவு படார்னு அடிச்சுச்சு, மறுபடியும் அடிச்சுச்சு. யாரும் சாத்தல.